மீதி முப்பது நிமிடம்

கல்யாணமான இரண்டாம் மாதமே என் கணவர் துபாய்க்குத் திரும்பிவிட்டார். நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. வெளிநாட்டில் இருக்கிற ஆணைச் சபராளி என்போம். எங்கள் தெருவில் பாதி சபராளி வீடுகள்தான். இரும்புக் கேட், மொசைக் தரை, உள்ளே ஆண் துணையில்லாமல் இரண்டு மூன்று பெண்கள், கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் நம்முடைய நேரம் ஓடும், இன்னொன்றில் அங்கத்திய நேரம்.

எங்கள் வீட்டில் நானும் மாமியும். மாமி என்றால் கணவரின் அம்மா. நல்ல மனுஷி. ஆனால் பகல் சாப்பாடு முடிந்து படுத்தார் என்றால் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற வரை எழுந்திருக்க மாட்டார். அந்தப் பிற்பகல்கள்தான் என்னை வதைத்தன. கொல்லைக்கு அப்பால் வயல். நடவுக்கு ஆள் இறங்கியிருந்தால் பேச்சுச் சத்தமாவது கேட்கும். அறுப்பு முடிந்து தரிசாகக் கிடக்கும் மாதங்களில் காக்கை கத்துவதுகூட இருக்காது. தஞ்சாவூரில் கணினி அறிவியல் படித்து, கல்லூரியில் வாய் மூடாமல் வளையவந்தவள் நான். இங்கே ஒரு நாளைக்கு மொத்தமாக எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று யோசித்தால் பயமாக இருந்தது.

முதல் விடுமுறையில் வந்தபோது அவர் ஒரு கணினி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நான் எழுதிய முதல் புரோகிராமை யாரிடமும் காட்டியதில்லை. அதைத் தட்டினால், இந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று சொல்லும். வேனில் போகிறார். குடோனில் நிற்கிறார். சாப்பிடுகிறார். படுத்துவிட்டார். அவருடைய ஷிப்ட் எனக்கு மனப்பாடம். நம் நேரத்தை அங்கத்திய நேரமாக மாற்றி, அதற்கேற்ற வரியைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்பேன்.

அந்தப் புரோகிராம் தப்புச் சொன்னது. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் கணினியோ ஒரு மணி நேரம் என்றது. அவர் இன்னும் குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்க, இது அவரைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டது. நான் எழுதியதை வரி வரியாகப் பார்த்தேன், பிழை இல்லை. அப்படியானால் பிழை அந்தக் கணினி மொழிக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் எனக்குக் குஷியாகிவிட்டது. சண்டை போட ஓர் ஆள் கிடைத்த குஷி.

கணினி மொழி என்பதும் மனிதர்கள் எழுதிய ஒரு புரோகிராம்தான். நான் பயன்படுத்திய மொழியை உருவாக்கியவர்கள் அதன் உள்வேலை முழுவதையும் எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருந்தார்கள். ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அது கிடைத்தது. பிரித்தால் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர், அதற்குள்ளும் ஃபோல்டர். இந்த அடுக்குக்கு மரம் என்று பெயர். வேர் மேலேயும் கிளை கீழேயுமாக ஒரு மரம். ஆயிரக்கணக்கான கோப்புகள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

நான் முதலில் செய்த காரியம் எங்கள் ஊர்ப் புத்தி. தண்ணீர் தலைமடையில் நுழைந்து கடைமடைக்குப் போகும்; வயல் காய்ந்தால் வாய்க்காலோடு நடந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதனால் புரோகிராம் எங்கே தொடங்குகிறதோ அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து நடந்தேன். தொடக்கம் என்பது நாலு வரி. அது இன்னொருவரைக் கூப்பிட்டது, அவர் வேறொருவரைக் கூப்பிட்டார், அவர் பத்துப் பேரைக் கூப்பிட்டார். ஒரு வாரத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடும். இதில் எல்லாப் பக்கமும் ஓடியது.

பிறகு மரத்தைத் தெருத் தெருவாகச் சுற்ற ஆரம்பித்தேன். இந்த ஃபோல்டரில் சோதனைகள், இதில் விளக்கவுரைகள், இதில் கணக்கு வேலைகள். யாரும் வைத்திராத பழைய இயந்திரங்களுக்கென்று ஒரு ஃபோல்டர் இருந்தது. எங்கள் ஊரில் பணம் அனுப்பிக் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் மாடி வீடுகள் மாதிரி, எல்லாம் ஒழுங்காக இருந்தன, உள்ளே ஆள் நடமாட்டமே இல்லை. புரோகிராம் வரிகளின் நடுவில் எழுதியவர்கள் தங்களுக்குள் குறிப்புகள் விட்டிருந்தார்கள். ஒருவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். இன்னொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதுவார். ‘இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, தொடாதீர்கள்’ என்று ஒருவர். அவர்களுடைய முகம் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது. ஆனால் அந்த மாதங்களில் என்னோடு அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை.

வழி கண்டுபிடிக்க ஓர் உபாயம் தானாகப் பிடிபட்டது. சந்தேகப்படும் இடத்தில் ஒரு வரியைச் செருகி வைப்பேன். புரோகிராம் அந்த வழியாகப் போனால் திரையில் அந்த வரி வரும், போகாவிட்டால் வராது. என்ன வரி எழுதுவது? ‘இருக்கேன்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினேன். ஓரிடத்தில் வைத்து ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை. இன்னொரு ஃபோல்டரில் வைத்தேன், வரவில்லை. ஒரு நாள் பிற்பகல் திரையில் ‘இருக்கேன்’ என்று வந்தது. மாமி உள்ளே தூங்க, நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அந்தக் கோப்பில்தான் அரை மணி நேரம் தொலைந்திருந்தது. நம் நாட்டு நேரத்தைச் சர்வதேசக் கணக்கில் 0530 என்று எழுதுவார்கள். ஐந்து மணி முப்பது நிமிடம். அவர்கள் அதை நூறால் வகுத்து, ஐந்தை வைத்துக்கொண்டு, மீதி முப்பதைத் தூக்கி எறிந்திருந்தார்கள். எழுதிய புண்ணியவானின் ஊரில் எல்லாம் முழு மணியாக இருந்திருக்கும். ஒரு தேசமே அரை மணிக் கணக்கில் படுத்து எழுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

திருத்தினேன். ஓட்டினேன். சரியாக வந்தது. மறுநாள் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து முழு மொழியையும் புதிதாகக் கட்டினால் பழையபடி ஒரு மணி நேரம். என் திருத்தம் மாயமாகிவிட்டது. மறுபடி திருத்தினேன், மறுபடி மாயம். அப்புறம்தான் கோப்பின் தலையில் இருந்த எச்சரிக்கையை ஒழுங்காகப் படித்தேன். இது இயந்திரம் வேறொரு கோப்பிலிருந்து தயாரித்தது, இதில் கை வைக்காதீர்கள் என்று போட்டிருந்தது. முதல் நாளே பார்த்ததுதான். கை வைக்காதே, தொடாதே என்பதை எல்லாம் புகுந்த வீட்டில் ஏகப்பட்டது கேட்டிருந்ததால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். மூலக்கோப்பு நாலு ஃபோல்டர் தள்ளி இருந்தது. அங்கே திருத்தியதும் நிலைத்தது.

மாமி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். “எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்கும்மா காயுது?” என்றார். அந்த மொழியை எழுதியவர்களுக்கு அது பிழைப்பு, உனக்கு என்ன என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சிரித்துவிட்டேன். அன்று சிரிக்கத் தோன்றியது.

திருத்தத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. அந்த மரத்தின் வேரடியில் ஒரு கோப்பு உண்டு, உழைத்தவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கும். எந்த நாட்டுப் பெயர் என்றே தெரியாத பெயர்கள். அதில் என் பெயர் வர வேண்டும். வேறெதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. புகுந்த ஊரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. மாமிக்கு நான் ‘ஏம்மா’, தெருவுக்கு இன்னார் பெண்சாதி. உலகத்தில் ஓரிடத்திலாவது, நானே செய்த ஒரு வேலைக்குப் பக்கத்தில், என் பெயர் இருக்கட்டும் என்று தோன்றியது.

தையல்கடைக்குப் போகிற சாக்கில் மாமியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டினார். ஃபிளாப்பியில் கொண்டுபோன திருத்தத்தை இணைத்து, ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி அனுப்பினேன். மின்னஞ்சல் முகவரி என் கணவர் தன் பெயரில் தொடங்கிக் கொடுத்தது. எங்கள் வீட்டில் போன் இணைப்பு, கேஸ், ரேஷன் கார்டு எல்லாமே ஆண் பெயரில்தான். மெயிலும் அப்படி இருந்ததில் எனக்கு ஒரு வித்தியாசமும் தோன்றவில்லை. கீழே பெயரும் போடவில்லை. நான் அதுவரை எழுதிய கடிதங்கள் எல்லாம் அவருக்கு எழுதியவை. அவற்றை ‘இப்படிக்கு, தங்கள் அன்பு மனைவி’ என்று முடிப்பதுதான் வழக்கம்.

அடுத்த தடவை போனபோது பதில் வந்திருந்தது. திருத்தத்தைச் சேர்த்துவிட்டோம், அருமையான வேலை, உங்கள் பெயரையும் பட்டியலில் போட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். கடிதம் என் கணவர் பெயரைச் சொல்லித் தொடங்கியது. பட்டியலைத் திறந்து பார்த்தேன், அதிலும் அவர் பெயர், அவருடைய அத்தா, அதாவது அப்பா, பெயரோடு சேர்ந்து. கணினியில் சீட்டு விளையாடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர் அவர். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மாமி துணியின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் போன் செய்வார். அந்த வாரம் நடந்ததைக் கொட்டித் தீர்த்தேன். உங்கள் பெயரில் போய் விழுந்துவிட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் போன் கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன். அந்தப் பெயர் என்னுடையது அல்ல, என் கணவருடையது, வேலை செய்தவள் நான், தயவுசெய்து மாற்றுங்கள் என்று. முதல் தடவையாகக் கீழே என் பெயரை முழுசாகப் போட்டேன். ஃபிளாப்பியில் ஏற்றியும் வைத்துவிட்டேன். சனிக்கிழமை அனுப்புவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் அவர் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம், நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் சொன்னதைக் கேட்டு, தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்து இன்டர்நெட் கடைக்குப் போய் அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்தாராம். ரூமில் இருந்த எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். எழுதியது என் வீட்டுக்காரி என்பதையும் சொன்னேன் என்றார்.

“இங்க என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்புடறதில்ல. கையைத் தட்டுவான், இல்லன்னா பேட்ஜு நம்பரைச் சொல்லுவான். அங்க பாத்தேன், எம் பேரு முழுசா இருக்கு. அத்தா பேரோட சேத்து இருக்கு” என்றார்.

ஃபிளாப்பி மேஜையில் கண்முன்னால் இருந்தது.

“நீ செஞ்ச வேலை. மாத்தச் சொல்லி எழுதும்மா. அதான் நியாயம்” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் மறுபடி அந்தக் கடைக்குப் போய்ப் பார்க்கும்போது அங்கே தன் பெயர் இருக்காதே என்பதும் அந்தக் குரலில் இருந்தது.

“இருக்கட்டும் மச்சான்” என்றேன்.

அந்த மெயிலை நான் அனுப்பவில்லை. அவர் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு ‘இருக்கட்டும்’ என்று சொன்னபோது நான் மனசாரச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை மனசாரச் சொல்ல முடியவில்லை.