நிமோல் வெட்டச் சொன்ன முள்

தொட்டால் சுருங்கும் செடிதான். ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டி, தண்டெல்லாம் கொக்கி முள்ளோடு நின்றது. கால்வாயின் இரு கரையிலிருந்தும் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிமோலின் படகு நுழைகிற அகலம்தான் மிச்சம் இருந்தது.

கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியில் அவர்கள் ஊர் மிதந்தது. மழை தொடங்கினால் வீடுகளைப் படகில் பிணைத்து, அந்தக் கால்வாய் வழியாக வெள்ளக்காட்டுக்குள் இழுத்துப் போவார்கள். மரங்களுக்கு நடுவே அலை எட்டாது. போன வருஷம் நிமோலின் தங்கை ரத்தாவின் வீடு முள்ளில் சிக்கி, கால்வாய் வாயிலேயே நின்றுவிட்டது. அன்று அடித்த புயலில் வீடு பிளந்தது. ரத்தாவின் மாமியார் முள்புதருக்குள் பிணமாகக் கிடைத்தாள்.

இந்த வருஷம் முள் இன்னும் நெருங்கியிருந்தது. மாலையானால் தெற்கே வானம் கறுத்தது.

நிமோல் தனியாள். அரிசிச் சேவை பிழிந்து, மீன் குழம்போடு வீடு வீடாகப் படகில் விற்பவள். ஊரைக் கூட்ட அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. ஒரு காலையில் படகை நிறுத்தினாள்; கரண்டியைத் தொடவில்லை.

“முள்ளு வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள். வரேன்னு சொன்னாத்தான் சேவை.”

“என்னக்கா, காலங்காத்தால பட்டினி போடுறீங்க?” என்றான் பக்கத்து வீட்டு வுத்தி. “அந்த முள்ளுக்கடியிலதான் மீனே ஒதுங்குது.”

“ரத்தாவோட மாமியாரும் அதுக்குள்ளதான் ஒதுங்கிக் கெடந்தாங்க.”

உள்ளேயிருந்து வுத்தியின் மனைவி யீம் கத்தினாள்: “அவரு வருவாருக்கா! எனக்கு ரெண்டு கிண்ணம் போடுங்க, குழம்பு தாராளமா!”

வந்தார்கள். கையில் பழந்துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவு நீரில் நின்று வெட்டினார்கள். கத்தி பட்டதும் இலைகள் மூடின. ஆள் நகர்ந்தால், வெட்டுப்படாத கிளைகளில் மெல்லத் திறந்தன. சுணை படர்ந்த விதை நெற்றுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின.

“எல்லாத்தையும் புத்தர் கோயில் மேட்டுல போடுங்க, எரிச்சுடணும்,” என்று நிமோல் தொண்டை கட்டும் வரை சொன்னாள். “நெத்து மிதந்து போற எடமெல்லாம் மொளைக்கும்.”

“சரிக்கா, எண்ணிக் கணக்கு குடுத்துடறோம்,” என்றான் ரத்தாவின் கணவன் சாரெத். எல்லோரும் சிரித்தார்கள். தாயைப் பறிகொடுத்தவன், எல்லோரையும்விட வெறியோடு வெட்டியவனும் அவன்தான்.

கால்வாய் திறந்தது. கடைசி வீடு மரங்களுக்குள் நுழைந்தபோதே காற்று எழுந்தது. ஏரி இரவெல்லாம் வெளியே இரைந்தது. உள்ளே ஒரு சட்டிகூட உருளவில்லை.

மழை விட்டதும் நிமோல் மண்ணெண்ணெயோடு மேட்டுக்குப் போனாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல் கிடந்தது. அவ்வளவுதான். வெட்டியது அதைப்போல் நூறு மடங்கு இருக்கும்.

திரும்பி வந்தபோது சாரெத் அவள் வீட்டு வாசலில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தான்.

“மிச்ச முள்ளெல்லாம் எங்கடா?”

“நம்ம வீடுங்களுக்கு அடியிலதான். தண்ணிக்குள்ள முள்ளுக் கெளை கெடந்தாத்தானேக்கா மீன் தங்கும்? கைக்கு வந்ததை எரிக்க நமக்கென்ன கிறுக்கா?” கூடையை நீட்டினான். “உங்க வீட்டுக்கு அடியிலயும் அடர்த்தியான கட்டாப் பாத்துக் கட்டியிருக்கேன்.”

“தண்ணி வத்தினா இங்க என்ன மொளைக்கும்?”

“அப்ப நாம ஏரிப் பக்கம் போயிருப்போமே.”

“அடுத்த மழைக்கு எங்கடா திரும்பி வருவோம்? உங்கம்மாவ மறந்துட்டியா?”

அவன் கூடையை அவள் காலடியில் வைத்துவிட்டுப் படகில் இறங்கினான்.

பலகை இடுக்கு வழியே நிமோல் கீழே பார்த்தாள். பழுப்பு நெற்றுத் துண்டுகள் மிதந்தன. வாசலோரம் குனிந்து, சேவை அள்ளும் சல்லடைக் கரண்டியால் வாரினாள். வாரிய இடத்தை அடுத்தவை வந்து நிறைத்தன. மரங்களுக்கு நடுவே, வீடுகள் நின்ற இடமெல்லாம், தண்ணீர் அவற்றைக் கொண்டு போய்க்கொண்டிருந்தது.

கத்தியை எடுத்து, முள்கட்டின் கயிற்றை அறுத்தாள். மேட்டுக்கு இழுத்துப் போக நினைத்துப் படகில் இறங்குவதற்குள், நீரோட்டம் அதைப் பற்றிக்கொண்டது. கட்டு நெற்றுகளை உதிர்த்தபடி நகர்ந்து, பக்கத்து வீட்டைக் கட்டியிருந்த கழியில் மாட்டியது.

“அக்கா, உங்க கட்டு அவுந்து வந்துடுச்சு!” யீமின் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. “வேணாம்னா நாங்களே கட்டிக்கிறோம்!”

நிமோல் துடுப்பை வலிக்கும் முன்பே, வுத்தி கயிற்றோடு தண்ணீரில் குதித்திருந்தான்.