எட்டு எழுத்து

அந்த அச்சுத்தாளில் எட்டு எழுத்துகள் இருந்தன. தோலில் ஒட்டிப் பச்சை குத்துவதற்கு முன் என் மகள் அதை என்னிடம் நீட்டி, "ப்பா, சரியா இருக்கான்னு பாத்துடுங்க, எனக்குக் கண்ணு சொருகுது" என்றாள். தமிழ் படித்தவன் என்பதால் அவள் கடையில் எழுத்து பார்ப்பது என் வேலை. எண்ணினேன். எட்டு. சரி என்று கொடுத்துவிட்டேன்.

லூனாஸ் கடைத்தெருவில் பதினேழு படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் அவளுடைய டாட்டூ கடை. தொடக்கத்தில் திங்களும் செவ்வாயும் அடைத்திருப்பாள். திங்கள் முழுவதும் தூக்கம். செவ்வாயன்று கோத்தா கோலா மூடாவுக்குப் போய், ஆற்றுமுகத்தில் உட்கார்ந்து நண்டுக்கால், வலை முடிச்சு, படகின் மூக்கு என்று வரைந்துகொண்டு வருவாள். அந்தப் படங்களுக்காகவே பினாங்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களை எண்ணி, வராதவர் பெயருக்கு நேரே சுழி போட்டுப் பழகியவன். உனக்கு வருடத்தில் நூற்றுநான்கு சுழி என்று மகளிடமே சொன்னேன்.

"சும்மா படுத்திருக்கலப்பா. படுத்து எழுந்தாதான் படம் வருது லா" என்றாள். நான் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்கூட அதையே சொல்லி, அந்தத் தீபாவளிக்கு முன் வாரத்தின் ஏழு நாளும் கடையைத் திறக்க வைத்தேன். ஓய்வில்லாத இருபத்து மூன்றாம் நாள் வந்ததுதான் அந்த எட்டு எழுத்து.

வந்தவர் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்யும் இளைஞர். மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. இறந்துபோன தகப்பனுக்காக நெஞ்சில் 'அப்பா என் பலம்' என்று குத்தச் சொன்னார். கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் அடித்தும் காட்டினார். எங்கள் பக்கம் ஆங்கில எழுத்தில் பலம், பழம் இரண்டுமே palam. எங்கள் ஊர்க்காரர்கள் வாயிலும் ஒன்றுதான். தூக்கம் வழிந்த கண்ணோடு மகள் 'பழம்' என்று எழுதிவிட்டாள். அதற்கும் எட்டு எழுத்துதான்.

பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். திதியன்று சட்டையைக் கழற்றியபோது அத்தைகள் பார்த்துவிட்டார்களாம். "உங்கப்பா வாழப்பழமாடா, டுரியானாடான்னு கேக்குறாங்க அக்கா" என்றார். கத்தவில்லை. பொத்தானைப் போடக்கூடத் தோன்றாமல் நின்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். "எட்டெழுத்து சரியாத்தானேம்மா இருந்துச்சு" என்றேன். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "என் தப்பு தம்பி, நான்தான் கவனிக்கல" என்று அவரிடம் சொல்லி, இரண்டு மணி நேரம் குனிந்திருந்து அந்த வரியைக் கறுப்புப் பட்டையாக்கி மூடினாள். தாளைச் சரிபார்த்தவன் நான் என்பதை அவரிடம் சொல்லாமலே இருந்தேன்.

இப்போது அவள் ஒரு நாளும் கடையை அடைப்பதில்லை. வருகிறவர்கள் கைப்பேசியில் காட்டும் படத்தை அப்படியே இறக்கித் தருகிறாள். ஆற்றுமுகத்துக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. போன திங்களன்று நானாகவே, "ரெண்டு நாள் அடைச்சிட்டு, போய் ஏதாவது வரைஞ்சிட்டு வாயேம்மா" என்றேன்.

"என்னத்தப்பா வரையறது?" என்று கேட்டாள்.

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.