அரை அடி

என் முதல் டேக்வாண்டோ உடுப்பில் கருவாட்டு மணம் இருந்தது. தோட்டவெளியில் எங்கள் வளவில் உடுப்புக் காயவிடும் கயிறும் பெரியம்மா நெத்தலி பரப்பும் சாக்கும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததால், எத்தனை தரம் தோய்த்து எவ்வளவு நீலம் போட்டாலும் அந்த வெள்ளைத் துணியை மணம் விட்டதே இல்லை. கொழும்பில் போட்டிக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்து மூக்கைச் சுளித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நாங்கள் பழகியது அடிபிடி இல்லை, "பூம்சே". எதிராளி இல்லாமல், வகுத்து வைத்த அடிகளையும் உதைகளையும் முறை பிசகாமல் செய்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். மூன்று பேர் அணியாகச் செய்தால் மூவரும் ஓராள் போல அசைய வேண்டும். எங்கள் அணியில் நானும், பெரியம்மாவின் ஒரே மகள் டிலானி அக்காவும், உப்புக்குளத்திலிருந்து சைக்கிள் உழக்கி வரும் றிஸ்மியாவும் இருந்தோம். "இந்தப் பெட்டையள் ஒருத்தரும் இல்லாத இடத்தில ஆருக்கு உதையினம்?" என்று கரையில் வலை பொத்துகிறவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் வெளியில் பழகாமல், கடற்றொழிலாளர் சங்கத்தின் பழைய கட்டடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழகினோம். சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்து வளைமரம் வெடித்த கூரையைத் தாங்க, கட்டடத்தின் நடுவில் ஒரு பனங்குத்தியை முட்டாக நிறுத்தியிருந்தார்கள். எங்கள் பூம்சேயில் மூன்றாவது திருப்பத்தில் அந்தக் குத்தி சரியாகக் குறுக்கே வந்தது. ஆகவே அந்த இடத்தில் மூவரும் ஒன்றாக அரை அடி இடப்பக்கம் விலகி, அடுத்த அடியில் அந்த அரை அடியைத் திருப்பி எடுப்போம். மாதத்தில் ஒருநாள் வவுனியாவிலிருந்து வரும் மாஸ்டர் இதைக் கண்டுவிட்டு, "கொழும்பில குத்தி இராது பிள்ளையள். அங்க ஆர் விலகிறாவோ, அவ பிறகு என்ர அணியில இல்லை" என்றார். நாங்கள் "ஓம் சேர்" என்றோம். அவர் போனதும் பழையபடி விலகினோம், வேறு வழியும் இருக்கவில்லை.

எனக்கு அது விளையாட்டு, அக்காவுக்கு அப்படி இல்லை. உயர்தரப் பரீட்சையில் அவளுக்குப் புள்ளி சற்றுக் குறைந்துவிட்டது; நாடளாவிய போட்டியில் ஒரு பதக்கம் எடுத்தால் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் பல்கலைக்கழகம் போகலாம் என்றார்கள். பெரியப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகு கருவாட்டு வாடியில் நின்று அவளை வளர்த்த பெரியம்மா, புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு எங்களை பஸ் ஏற்றினா.

முதற் சுற்று முடிந்தபோது நாங்கள் மூன்றாம் இடத்தில் நின்றோம். இரண்டாம் சுற்றில், அந்த அகன்ற விரிப்பில், குத்தியும் இல்லை, கூரையைப் பற்றிய பயமும் இல்லை. மூன்றாவது திருப்பம் வந்தது. என் கால் தானாக விலகியது. மற்ற இருவரும் நேரே போனார்கள். அடுத்த அடியில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் அப்படியே தொடர்ந்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கு அரை அடி தள்ளி நின்று வணங்கினேன். எங்களுக்கு நாலாம் இடம்.

மாஸ்டருக்கு அன்று வர முடியவில்லை. கூட வந்த ரீச்சருக்கு பூம்சே தெரியாது. ஒருத்தி விலகியதால்தான் புள்ளி போனது என்று கேள்விப்பட்ட மாஸ்டர், ஊரில் எங்களை நிறுத்தி, "ஆர் விலகினது?" என்று கேட்டபோது நான் இடுப்புப் பட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அக்கா, "நான்தான் சேர்" என்றாள். றிஸ்மியா நிலத்தைப் பார்த்தாள். அன்றோடு அக்கா அணியில் இல்லை.

பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் அழுத என்னிடம், "எனக்கு வயசு போட்டுது, இனி இது சரிவராது. உனக்கு இன்னும் காலம் கிடக்கு. வாயை மூடிக்கொண்டு பழகு" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு பழகினேன். தனிப் போட்டியில் மூன்று வருடம் பதக்கம் எடுத்தேன், நாட்டின் கொடி தைத்த மேற்சட்டையோடு வெளிநாடு போய்வந்தேன், அக்காவுக்குக் கிடைக்காத அதே இடத்தில் பல்கலைக்கழகமும் போனேன். அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

லீவில் நான் வரும்போதெல்லாம் பெரியம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே இருந்து, "அவளும் உன்னைப் போலக் கவனமா நிண்டிருந்தா இண்டைக்கு என்னோட இருந்திருப்பாள்" என்பா. இப்போது சொல்லிவிடலாம், இந்தக் கவளத்தை விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைப்பேன். சொன்னதில்லை. நான் கோழை, இதை எழுதுகிற துணிவுகூட அவ இல்லாத பிறகுதான் வந்தது.

சங்கக் கட்டடத்தை இடித்து மாபிள் பதித்த மண்டபம் கட்டிவிட்டார்கள். றிஸ்மியா குடும்பம் முன்பு இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்துக்கே திரும்பிப் போய்விட்டது. தோட்டவெளியில் இன்று பூம்சே பழகுகிறவர்கள் ஒருவரும் இல்லை. போன மாரியில் பெரியம்மாவை அடக்கம் செய்தோம். அக்காவை வேலைவீட்டார் விடவில்லை. பெட்டி மூடுமட்டும் போனை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னத் திரையில் அவள் முகம் வீங்கியிருந்தது.

"அம்மா கடைசியா என்னடி சொன்னவ?" என்று கேட்டாள்.

சாவதற்கு முதல்நாள் காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தபடி பெரியம்மா சொன்னதும் அக்கா கவனமாக நின்றிருக்கலாம் என்பதுதான்.

"உங்கட பேரைச் சொன்னவ அக்கா" என்றேன்.