மூடியதாகக் காட்டிய வால்வு

அந்த முப்பது மாடிக் கட்டடத்தில் அவரை எல்லோரும் ‘வால்வு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடம் முழுவதையும் குளிரவைக்கும் சில்லர் அறையில் பத்தொன்பது வருஷ வேலை. எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைக் கை வைத்தே சொல்லிவிடுவார். பம்பு இரைச்சலில் ஒரு காது மந்தமாகிவிட்டது. வீட்டில் திட்டு விழுவது பாதிதான் கேட்கிறது, அதுவும் லாபம்தான் என்பார். வேலையில்லாமல் இருந்த தங்கை கணவரை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

இரண்டாவது பம்பின் வடிகட்டிக்கு முன்னால் இருந்த வால்வு கெட்டுப்போயிருந்தது. கைப்பிடியைத் திருப்பினால் மூடியதாகக் காட்டும். உள்ளே தகடு கழன்று பாதி திறந்தே நிற்கும். மேலாளருக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றே பதில் வந்தது. அலுத்துப்போய் விட்டுவிட்டார். எச்சரிக்கை அட்டைகூட மாட்டவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் படுத்திருந்தார். தங்கை கணவர் போன் செய்து, அந்த வடிகட்டி அடைத்திருக்கிறது, திறந்து கழுவட்டுமா என்று கேட்டார்.

“பம்பை நிறுத்திட்டு ரெண்டு பக்கமும் வால்வை மூடு மாப்ளே. அப்புறம் திற,” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

தங்கை கணவரும் சொன்னபடியே செய்தார். முப்பது மாடித் தண்ணீரின் கனமும் வடிகட்டியின் இரும்பு மூடிக்குப் பின்னால் நின்றது. போல்ட்டுகள் தளர்ந்ததும் மூடி பறந்து வந்து நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

விசாரணைக்கு முன் மேலாளர் தணிந்த குரலில் ஒரு வழி சொன்னார்: இறந்தவர் வால்வை மூட மறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தால் யாருக்கும் தொல்லையில்லை. ‘வால்வு’ அப்படி எழுதவில்லை.

“அவர் மூடினாருங்க. அது மூடாதுன்னு எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல,” என்று விசாரணையில் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அவர் எழுதிய மூன்று கடிதங்களும் கோப்பில் இல்லை. வேலை போயிற்று.

தங்கையிடமும் போய் அதையே சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“அவர் மேல பழி விழாம பாத்துக்கிட்ட. சரி. ஆனா இதை எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம். புருஷன் மட்டும்தான் போனார்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்ப அண்ணனும் இல்ல.”

இப்போது அவர் ஒரு துணிக்கடை வாசலில் காவல் நிற்கிறார். தங்கை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். எதிரே வந்தால் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுவாள். அவரும் கூப்பிடுவதில்லை.