கழுத்தில் தொங்கும் வாய்ப்பூட்டு

நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற டாக்டர் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர். அதை நான் சம்பாதித்த லட்சணம் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். யாராவது மாமியார் கதையை இழுக்க ஆரம்பித்தால் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, அவர் நெஞ்சில் வைத்துவிடுவேன். எப்பேர்ப்பட்ட வாயாடியும் கப்சிப். நானும் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பேன்.

நேற்று ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். உட்கார்ந்ததுமே, டிரைவர் ஓயாமல் அடிக்கும் ஹாரனைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். சரி, இது முடியாத கதை என்று வழக்கம்போல மாட்டினேன், வைத்தேன். ஆனால் கூட்ட நெரிசலில் கத்திக் கத்திப் பழகிய மனிதர் வாயை மூடவே இல்லை. நெஞ்சு வழியாக அவர் குரல் இடி மாதிரி என் மண்டைக்குள் இறங்கியது.

"நெஞ்சுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்! காது வலிக்குதுன்னு வந்ததுலேருந்து சொல்லிட்டிருக்கேன்!"

பதறிப்போய்க் கழற்றினேன். என் காது இரண்டும் 'ஙொய்' என்றன. சமாளிக்க வேண்டுமே என்று டார்ச்சை எடுத்து, "எந்தக் காதுங்க?" என்று பவ்யமாகக் கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மொதல்ல உங்க காதைப் பாத்துக்குங்க டாக்டர். நான் காத்திருக்கேன்."