மேலடுக்கோடு நின்ற புண்

கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்ததும், "வாங்க, உங்களுக்கு என்ன குறை?" என்று அதனிடமே கேட்பார் டாக்டரம்மா. கூடவே வந்த நோய்க்குறிப்புத் தாளைக் கவிழ்த்துத்தான் வைப்பார். "அடுத்தவங்க சந்தேகத்தை முதல்ல படிச்சா, கண்ணு அதையேதான் தேடும்." வெளியே உதவியாளர்கள் சிரிப்பது அவருக்கும் தெரியும். சிரிக்கட்டுமே, காசா பணமா!

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஃபார்மலின் நெடியில் வேலை. நோயாளி முகம் பார்த்ததே அபூர்வம். அவரிடம் வந்து சேருவது உடம்பின் துணுக்குகள்தான். "எங்கம்மாவுக்கு ஊர்க்குடலெல்லாம் அத்துப்படி. பக்கத்து வீட்டுக்காரர் பேருதான் தெரியாது" என்று மகள் கிண்டலடிப்பாள்.

அப்படிப்பட்டவரை ஒரு பெயிண்டரின் குடல் படுத்தி எடுத்துவிட்டது. சிறுகுடல் நெடுகப் புண். ஆறிய இடமெல்லாம் சுருங்கி வழியை அடைத்தது. காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. ஒரு துண்டை வெட்டியெடுத்தார்கள், வலி திரும்பி வந்தது. மறுபடி வெட்டத் தேதியும் குறித்தாயிற்று. இப்படி வெட்டிக்கொண்டே போனால், தின்றது உடம்பில் ஒட்டக் குடல் ஏது?

முன்பு வெட்டிய துண்டுதான் அவர் மேசைக்கு வந்திருந்தது. பார்த்தார், பார்த்தார், டீ ஆறிப்போகும்வரை பார்த்தார். காசநோய்க்கு அடையாளமான செல் கொத்து எங்குமே இல்லை. புண் ஒவ்வொன்றும் குடற்சுவரின் மேலடுக்குகளோடு நின்றிருந்தது. அடியிலிருந்த தசை சுத்தம். உடனே சர்ஜனுக்குப் போன் போட்டார்.

"வலி மாத்திரை ஏதாச்சும் முழுங்கறாரா? அதுவும் குடலை இப்படிப் புண்ணாக்கும்."

"கேட்டாச்சு மேடம். தொடறதே இல்லையாம்."

"அப்ப கொஞ்சம் பொறுங்க. இது ரொம்ப அபூர்வமான வகை. சில பேருக்கு ஸ்டீராய்டுலயே அடங்கிடும். குடல் டாக்டரையும் வெச்சிப் பேசுவோம்."

"நிச்சயமா சொல்றீங்களா?"

"மத்ததெல்லாம் இல்லைன்னு ஆனப்புறம் மிச்சம் இதுதான் இருக்கு."

பேச்சில்தான் துணிச்சல். தப்பாகிவிட்டால் அந்த மனுஷன் கதி?

சில மாதம் கழித்து ஒரு மதியம், டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பெயிண்டரும் மனைவியும் வாசலில் வந்து நின்றார்கள். ஆபரேஷன் இல்லாமல், ஸ்டீராய்டிலேயே அடைப்பு விட்டிருந்தது.

"உங்களாலதாம்மா இவரு பொழைச்சாரு" என்றாள் மனைவி.

டாக்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெயிண்டருக்கு நகக்கண்ணில் நீலப் பெயிண்ட், பல்லெல்லாம் சிரிப்பு. அந்தக் குடலுக்கு இப்படி ஒரு முகமா! "நாந்தாங்க உங்களுக்கு நன்றி சொல்லணும். நேர்ல வந்தீங்களே" என்று உளறி, என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவை நீட்டினார்.

"சாப்பாடுன்னாலே பயந்து நடுங்குவாரும்மா. ரெண்டு வாய்க்குள்ள வயித்தைப் புடிச்சிக்குவாரு" என்றாள் மனைவி.

பெயிண்டர் ஒரு ரொட்டியை எடுத்து மெதுவாக மென்று விழுங்கினார். சற்று நேரம் சும்மா இருந்தார். இரண்டு பெண்களும் அவர் வயிற்றையே பார்த்தார்கள். அவர் யாரையும் கேட்காமல் டப்பாவுக்குள் மறுபடி கைவிட்டார்.