ஒரு கட்டை

எவுலாலியா பார்செனாஸுக்குப் பெரிய மனசு என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மெக்சிகோ நகரத்து ஸ்டூடியோக்களில் பதினாறு வருஷம் அவளோடு ஒரே மைக்கில் கோரஸ் பாடியவள் நான். அது பெரிய மனசு இல்லை, இளிச்சவாய்த்தனம்.

நட்சத்திரப் பாடகி தனாயே ரியோஹாவுக்கு டிராக் பாடுவது இவள்தான். இவள் பாடி வைத்ததன்மேல் முப்பது பேர் வாத்தியம் வாசித்துவிட்டுப் போவார்கள். பிறகு அந்தம்மா வந்து இவள் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, மூச்சு விடுவதுகூட மாறாமல் பாடும். ஆனால் மேலே எட்டாது. அதனால் இவளாகவே பியானோக்காரனிடம் சொல்லி ஒவ்வொரு பாட்டையும் ஒரு கட்டை இறக்கிப் பாடி வைப்பாள். யாரும் கேட்கவில்லை, எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியவும் தெரியாது.

மூன்றாவது ஆல்பத்தில் ஒரு பாட்டின் உச்சம் அப்படியும் எட்டவில்லை. எவுலாலியாவின் குரலையே அங்கே விட்டுவிட்டார்கள். ஊரில் எல்லா பஸ்ஸிலும் அந்தப் பாட்டுதான். ஆல்பத்தின் உறைக்குள் இருந்த தாளைப் பிரித்துப் பார்த்தோம். முடி வெட்டுபவருக்கு நன்றி, பல் டாக்டருக்கு நன்றி, பெலூசா என்ற நாய்க்கு நன்றி. இவள் பெயர் எங்கேயும் இல்லை.

தயாரிப்பாளர் எவாரிஸ்தோவிடம் போய்க் கேட்டாள். அந்த ஆள் சோளமாவுத் தமாலைத் தின்றுகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னான்.

"குரலா? ஜனங்க முகத்துக்குத்தான் காசு குடுக்கறாங்க. திங்கக்கிழமை அடுத்த ஆல்பம், நேரத்துக்கு வந்து சேரு."

திங்கட்கிழமை போனாள்! பஸ்ஸில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வெக்கமா இல்லயாடி உனக்கு? அந்த நாயா இருந்தாக்கூட ரெண்டு தடவ குரைச்சிருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்டூடியோவில் பியானோக்காரன் வழக்கம்போலக் கேட்டான். "இறக்கிரலாமாக்கா?"

"எழுதியிருக்கறத வாசி."

பத்துப் பாட்டையும் எழுதியிருந்த கட்டையிலேயே பாடினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோரஸில் நின்றபடி சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் தனாயே வந்து பாட, முதல் பாட்டிலேயே குரல் பிசிறியது. பத்தும் அப்படியே. வாசித்த முப்பது பேரும் கலைந்துவிட்டார்கள், மறுபடி இறக்கி வாசிக்க ஆளில்லை, வெளியீட்டுத் தேதி சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. எவாரிஸ்தோ எவுலாலியாவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். நானும் உள்ளே இருந்தேன்.

"வேணும்னே பண்ணியிருக்க!"

"எழுதினத பாடினேன் சார். இத்தன வருஷமா இறக்கிப் பாடினதுதான் வேணும்னே பண்ணது."

அவன் முகம் செத்துப்போயிற்று. "சரி, உச்சத்த எல்லாம் நீயே பாடிரு. இந்தத் தடவ நன்றின்னு உன் பேரும் போடறேன்."

"நன்றி நாய்க்கே இருக்கட்டும். 'பாடியவர்கள்'னு போடு. அவங்க பேரு, அதே அளவுல பக்கத்துல என் பேரு. அச்சடிச்சு எடுத்துட்டு வா, அப்புறம் பாடறேன்."

"தனாயே ஒத்துக்கவே மாட்டாங்க."

"அப்ப அவங்களையே பாடச் சொல்லு" என்று கதவைச் சாத்தினாள்.

நாலாம் நாள் தாள் வந்தது, மை கூடக் காயாமல்.